தன்மை ஒருமை

பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தந்தார்கள்:
கூட்டாதே. குறைக்காதே.
நோயாளி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்.

ஆகவே பேர்ண் ஆஸ்பத்திரியில்,
நவம்பர் வெள்ளி, பின்னேரம் நாலரைக்கு
ஜேர்மனில் சொன்னேன்:
எனக்கு மூன்று கிழமையாய் முரசில் இரத்தம்.
கோப்பை கழுவுகிற தொட்டியில் முழங்கை தட்டியது,
நீலம் இன்னும் போகவில்லை.
நேற்றிரவு மூக்கால் வடிந்து தலையணை முழுக்க.

பக்கத்தில் நிமலதாசன் தலையாட்டிக்கொண்டிருந்தார்,
தன் நோய் என் வாயால் சரியாகப் போகிறதா
என்று பார்ப்பவர் போல.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மச்சை எடுத்தார்கள்.
'நோகுமோ?'
'நோகும்' என்றார் டொக்டர் காடுஃப்.
இரண்டையும் நான்தான் சொன்னேன்.

ஆய்வுகூடம் வாய் திறக்கும் முன்னமே
குளிசை தொடங்கிவிட்டது, சந்தேகத்தின் பேரில்.
விடியும்வரை பார்த்திருந்தால்
மூளைக்குள் கசியலாம் என்றார்.
அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினேன்.
அதுவும் குறைத்தல்தானோ தெரியாது.
விற்றமின் ஏ-க்கு உறவுக்காரக் குளிசையாம்.
சுகிர்தமலர் கேட்டாள்:
அப்ப கரட் சாப்பிட்டாப் போதாதோ?
போதாது, என்றார் டொக்டர்,
மிகவும் மரியாதையாக.

சனி மத்தியானம் மறுபடி கூப்பிட்டார்கள்.
திரையில் ஓர் உயிரணுவின் கரு,
ஒற்றுத்தாளில் ஊறிய நீல மை.
அதற்குள் சிவப்புப் புள்ளி ஒன்று,
பச்சைப் புள்ளி ஒன்று,
இரண்டும் ஒட்டிக்கொண்டு மஞ்சளாய் இரண்டு.
மஞ்சள் இருக்கக்கூடாது.
இரவிரவாய் ஒருத்தி இருந்து
இருநூறு அணுக்களை எண்ணியிருக்கிறாள்.
நூற்று எண்பத்தொன்றில் மஞ்சள்.

பதினைந்தாம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு பதினேழுக்கு,
பதினேழில் ஒரு துண்டு பதினைந்துக்கு.
நிறமூர்த்தம்: ஏ.எல். கொப்பியில் கடைசியாய் எழுதிய சொல்.
குரோமோசோம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.
அதற்கு நேர்ந்ததற்கு மட்டும்
வாயில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

'இடம்பெயர்ந்திட்டுது' என்றேன்.

நிமலதாசன் நிமிர்ந்தார்.
'எப்ப? தொண்ணூற்றைஞ்சிலயோ?'

ஒக்டோபர் மழை, நாவற்குழிப் பாலம்,
ஒரு காலை எடுத்தால் மறு காலை வைக்க இடமில்லாத சனம்.
டொக்டர் பேனையோடு என்னையே பார்க்கிறார்.
'எப்போது நடந்தது என்று கேட்கிறார்' என்றேன்.
'நான்' என்று சொல்ல மறந்துபோனேன்.
ஆண்டையும் விட்டுவிட்டேன்.

தெரியாது, என்றார் டொக்டர்.
பிறவியில் வந்ததில்லை. பிள்ளைகளுக்குப் போகாது.
எங்கோ ஓர் அணுவில்.
சில மாதங்களுக்கு முன் இருக்கலாம்.

'போன துண்டு திரும்பி வருமோ?'

வராது.
ஆனால் பாதியில் வளராமல் நின்றுபோன அணுக்களை
வளர்ந்து முடிக்கச் செய்யலாம்.
குளிசைக்கு அதுதான் வேலை.
கூடவே ஆர்செனிக்.

அதற்குச் சொல் தேடவில்லை. பாஷாணம், என்றேன்.
இரண்டு நாளில் முதல் தடவை சிரித்தார்.
பற்களுக்கிடையே கறுத்த கோடு.
'பாஷாணம் எண்டு சொல்லியே தருகினம்.
நம்பலாம்.'

ஒருகாலம் எல்லாவற்றிலும் வேகமாய்க் கொன்றது இதுதான்;
இப்போது பெரும்பாலும் சுகப்படுகிறது,
முதல் மாதத்தைத் தாண்டினால்.
தாண்டினால் என்பதையும் சொன்னேன்.
சுகிர்தமலர் அதற்கு முந்திய சொல்லோடு
கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

படிவத்தில் எழுதினேன்:
மொழி தமிழ். நேரம் ஒன்றே முக்கால் மணி.
சிறப்புக் குறிப்பு, ஏதுமில்லை.

தூண் போகிற ரயிலில்
எதிர் இருக்கையில் ஒரு பையன் பிரெட்ஸல் தின்றுகொண்டிருந்தான்.
முகத்தை யன்னல் பக்கம் திருப்பி
நாக்கால் முரசைத் தடவிப் பார்த்தேன்.
மேல் வரிசை.
பிறகு கீழ் வரிசை.